சிவப்பு மை படாத நோட்டு

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால், அதன் தமிழ்க் கட்டுரை நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், தருவார்கள். ஒளித்து வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

'நான் விரும்பும் தலைவர்', 'மழைநீர் சேகரிப்பு', 'நான் சென்ற சுற்றுலா'. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்ட உள்தலைப்புகள். சுற்றுலாக் கட்டுரையில் வகுப்பே ஊட்டிக்குப் போயிருக்கும். அதிகாலையில் எழுந்து, மலைப்பாதையின் வளைவுகளை ரசித்து, தாவரவியல் பூங்காவில் மகிழ்ந்து, இனிய நினைவுகளுடன் இல்லம் திரும்பியிருக்கும். பையன் அந்த லீவில் நிஜமாகப் போனது திண்டிவனத்தில் அத்தை வீட்டுக்கு. கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டான். ரெண்டு நாள் ஜுரத்தில் படுத்தான். அத்தையும் மாமாவும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதில்லை என்பதைக் கண்டுபிடித்தான். இதில் ஒரு வரிகூட நோட்டில் கிடையாது. கேட்டால், "அதெல்லாம் எழுதக் கூடாதுப்பா, மார்க் போயிடும்" என்பான்.

சரியாகத்தான் சொல்கிறான். போயிடும்.

அடுத்து டீச்சரின் நோட்டு. பாடக்குறிப்பு என்று பெயர். நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு என்று அதற்கும் வரிசையான தலைப்புகள் உண்டு. தலைமையாசிரியரின் கையெழுத்துக்காக எழுதப்படுவது. அன்றைக்கு நடத்திய பின்னக் கணக்கு பாதிப் பேருக்குப் புரியவில்லை, கடைசி பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பதையெல்லாம் எழுத அதில் கட்டம் இல்லை.

ஆக, ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நாள் முழுக்க எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பையன் டீச்சரின் கையெழுத்துக்காக, டீச்சர் ஹெட்மாஸ்டரின் கையெழுத்துக்காக, ஹெட்மாஸ்டர் அதிகாரியின் கையெழுத்துக்காக. யாரும் தனக்காக ஒரு வரி எழுதுவதில்லை.

தனக்காகத் தினம் கொஞ்சம் எழுதுகிற வழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியுமா? முயன்று பார்த்த இரண்டு வகுப்புகள் புத்தகமாகியிருக்கின்றன. ஒன்று ஜப்பான், மற்றது அமெரிக்கா. ரெண்டுமே உலகப் புகழ் பெற்றவை. புகழ்வதற்கு நிறையப் பேர் இருப்பதால், நாம் கொஞ்சம் சண்டையும் போடலாம்.

*

1948-ல், வடக்கு ஜப்பானின் யாமகதா பகுதியில் யாமமோத்தோ என்ற மலைக் கிராமத்து நடுநிலைப் பள்ளிக்கு 21 வயது இளைஞர் ஒருவர் வாத்தியாராக வந்து சேர்ந்தார். பெயர் முச்சாக்கு செய்க்கியோ. ஜென் கோயில் குடும்பத்துப் பிள்ளை. உலகப் போர் முடிந்து மூன்றே வருஷம். பள்ளிக்கூடம் கூரைக் கட்டடம். தேசப்படம் கிடையாது, சோதனைச் சாமான் கிடையாது. வகுப்பில் 43 பேர். வயல் வேலை, கரி மூட்டம், தம்பி தங்கை என்று பாதி நாள் யாராவது வரமாட்டார்கள்.

சமூகப் பாடப் புத்தகமோ கிராமத்துப் பள்ளிகளில் எல்லா வசதியும் இருப்பதாகச் சொல்கிறது. முச்சாக்கு இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். புத்தகத்தை நடத்துவதா, கண்ணால் பார்ப்பதை நடத்துவதா? பிள்ளைகளிடம், "உங்க வீட்ல என்ன நடக்குதோ அதை எழுதுங்க" என்றார். எழுதினார்கள். எழுதியதை வகுப்பில் படித்தார்கள், ஏன் இப்படி என்று பேசினார்கள், கணக்குப் போட்டார்கள். வகுப்புப் பத்திரிகை நடந்தது. 1951-ல் அது 'யாமபிகோ கக்கோ' என்று புத்தகமாயிற்று. எதிரொலிப் பள்ளிக்கூடம் என்று பொருள். அடுத்த வருஷமே சினிமாவாகவும் வந்தது.

அதில் ஒரு பையனின் கட்டுரை, அம்மாவின் சாவைப் பற்றியது. அப்பா முன்பே போய்விட்டார். வீட்டில் வயதான பாட்டி. நம் கட்டுரை நோட்டாக இருந்தால் தாய்மையின் பெருமையில் ஆரம்பித்து, தியாகத்தில் முடிந்திருக்கும். இந்தப் பையன் வரவு செலவு போடுகிறான். புகையிலை விற்றால் எவ்வளவு வரும், அரசு உதவி எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு போகும், கடனை எப்போது அடைக்கலாம், தான் பள்ளிக்கூடம் போக நாள் மிச்சமிருக்குமா? படிக்கும்போது, அழுகை வருகிற இடங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அம்மா உயிரோடு இருந்தபோது இதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நமக்குப் புரிகிறது. 1950-ல் அந்தக் கட்டுரைக்கு ஜப்பானியக் கல்வி அமைச்சர் பரிசு கிடைத்தது.

பரிசைவிட முக்கியமான ஒன்று அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. பையனுக்கு எந்தெந்த வேலை பாக்கி, எத்தனை நாள் ஆகும் என்று வாத்தியார் பட்டியல் போடச் சொன்னார். அதைக் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் காட்டினார். அவர்கள் போய் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். பையன் வகுப்புக்கு வந்தான். எழுதியதால் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட நாட்கள் கிடைத்தன. இதற்கு மேல் ஒரு கட்டுரை நோட்டுக்கு என்ன சாதனை வேண்டும்?

முச்சாக்கு இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 'வாழ்க்கையை எழுதுதல்' என்ற இயக்கம் ஜப்பானியக் கிராமத்து வாத்தியார்களிடம் 1930-களிலேயே பரவியிருந்தது. வயலையும் பசியையும் பிள்ளைகள் உள்ளபடி எழுதினால் அரசாங்கத்துக்கு உறுத்தாதா? 1940-ல் கைதுகள் ஆரம்பித்தன. 'அமைதிப் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒரு சட்டம், அதில் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு வாத்தியார், 'உன் வீட்டைப் பற்றி எழுது' என்று சொன்னதற்கு ஜெயில். பிள்ளைகளின் நாட்குறிப்பு விளையாட்டுச் சமாசாரம் இல்லை என்று போலீஸ்காரர்களுக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது!

இனி சண்டை. புத்தகம் நாடு முழுக்கப் பேர் வாங்கியபோது யாமமோத்தோ கிராமத்துக்காரர்கள் சந்தோஷப்படவில்லை. 'எங்க வறுமையை ஊரெல்லாம் படிக்கும்படி பண்ணிட்டாரே' என்று கொதித்தார்கள். 1954-ல் முச்சாக்கு அந்த ஊரை விட்டுப் போனார். கிராமத்தாரைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை உங்கள் வீட்டுக் கடனை எழுதி, அது புத்தகமாகி, முன்பின் தெரியாத ஆள் ரயிலில் படித்துக்கொண்டிருந்தால்? வகுப்புக்குள் அந்த எழுத்து உதவியாக இருந்தது. அச்சில் ஏறியதும் ஊருக்கு அவமானமாகிவிட்டது. எழுத்து அதேதான், படிக்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

*

அமெரிக்கப் புத்தகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ் டைரி', 1999. 2007-ல் ஹிலாரி ஸ்வாங்க் நடித்து சினிமாவாகவும் வந்தது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் உள்ள வில்சன் ஹைஸ்கூலில் 1994-ல் எரின் குருவெல் என்ற இளம் ஆசிரியை சேர்ந்தார். பக்கத்து லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் நடந்து ரெண்டு வருஷம். வகுப்பில் இருந்தவர்கள், 'இதுங்க தேறாது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள். துப்பாக்கிச் சாவுகளைக் கண்ணால் பார்த்தவர்கள்.

குருவெல் அவர்களுக்கு ஆன் ஃப்ராங்கின் டைரியையும், சரயேவோ முற்றுகையில் வாழ்ந்த ஸ்லாட்டா என்ற சிறுமியின் டைரியையும் படிக்கக் கொடுத்தார். பிறகு ஆளுக்கொரு நோட்டு. எழுதினார்கள். 150 பேர். புத்தகத்தில் பெயர் இல்லை, ஒவ்வொரு குறிப்புக்கும் எண் மட்டும். யாமமோத்தோவில் விட்ட இடத்தை இவர்கள் பிடித்துவிட்டார்கள். இன்னொரு நல்ல காரியம், புத்தகத்தின் ஒவ்வொரு பகுதியும் ஆசிரியையின் சொந்தக் குறிப்போடுதான் தொடங்குகிறது. பிள்ளைகளை எழுதச் சொன்னவர் தானும் எழுதியிருக்கிறார்.

இருந்தாலும் இந்தப் புத்தகத்தில் எனக்கு இரண்டு குறை.

முதலாவது, குரல். சேர்ந்தாற்போல் இருபது குறிப்பு படித்தால் எல்லாரும் ஒருத்தரைப் போலவே பேசுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தித் தொகுத்திருக்கிறார்கள், அதனாலும் இருக்கலாம். பயங்கரமான சம்பவம், ஒரு திருப்பம், கடைசியில் நம்பிக்கை தரும் வாசகம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முன்னுரை, பொருளுரை, முடிவுரை! வாழ்க்கை முடிவுரையோடு வருவதில்லை. நிஜமான தினக்குறிப்பில் பாதி நாள் 'இன்னிக்கு ஒண்ணும் நடக்கலை' என்றுதான் இருக்கும். அந்தப் பாதியைத்தான் பதிப்பாளர்கள் முதலில் வெட்டுவார்கள்.

இரண்டாவது, கதாநாயகி. குருவெல் புத்தகம் வாங்குவதற்காக வேறு வேலைகள் பார்த்தார். 1998-ல் பிள்ளைகள் பள்ளி முடித்தபோது அவரும் பள்ளியை விட்டார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டு, அறுபது வயது வரை அதே வகுப்பறையில் நிற்கப் போகிற, சாயங்காலம் பஸ் பிடித்துப் போய்ச் சோறு வடிக்க வேண்டிய நம்மூர் டீச்சர் இதைப் படித்தால் என்ன தோன்றும்? 'இதெல்லாம் தியாகிகள் பண்ற வேலை, நமக்கு ஆகாது' என்று மூடி வைத்துவிடுவார். ஒரு பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது. பல் விளக்குவதற்கு யாரும் தியாகி ஆக வேண்டியதில்லை.

*

இந்த இடத்தில் நம்மூர் ஆள் ஒருவரைக் கூப்பிடுகிறேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்தவர், வியாபாரி. 1736-ல் ஆரம்பித்து 1761-ல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். 25 வருஷம்! எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார், துய்ப்ளேயின் மனைவி தனக்கு எதிராக என்ன செய்கிறாள், யாருக்கு ஜாதகம் எப்படி என்று சகலமும். 1846 வரை வெளியுலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவருடைய தமிழைப் பாருங்கள். பேசுகிற மாதிரியே எழுதுகிறார். பாரசீகச் சொல், பிரெஞ்சுச் சொல், போர்த்துக்கீசியச் சொல் எல்லாம் கலந்து வருகிறது. வாக்கியம் ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது. எந்தத் தமிழாசிரியரும் பத்துக்கு நாலு மார்க்குக்கு மேல் போடமாட்டார். 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை அறிய வரலாற்றாசிரியர்கள் ஓடுவது அந்த நாலு மார்க் நோட்டுக்குத்தான்.

"அப்ப தப்புத் தப்பா எழுதட்டும்னு விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ல, ள, ழ தகராறு தமிழ் பேசும் வீடுகளில் தீராத வியாதி. அதற்குத்தான் கட்டுரை நோட்டு இருக்கிறது. அதில் திருத்துங்கள், வட்டம் போடுங்கள், பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள். நான் கேட்பது இன்னொரு நோட்டு, சிவப்பு மை படாத நோட்டு. சிவப்பு மைக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? எழுத்து சரியாகத் தெரிந்த வார்த்தைகளை மட்டும் எழுதும். 'கிழவி'யில் எந்த 'ழ' என்று சந்தேகம் வந்தால், பாட்டியைப் பற்றி எழுதுவதையே விட்டுவிடும். பிழை குறையும், பாட்டியும் போய்விடுவாள்.

திருத்தம் தானாகவும் வரும். ஆன் ஃப்ராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூனில் 13-வது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில், தோன்றியதை எழுதிக்கொண்டிருந்தாள். 1944 மார்ச்சில், போர்க்கால டைரிகளைப் போருக்குப் பின் சேகரிக்கப் போகிறோம் என்று ஒரு டச்சு அமைச்சர் ரேடியோவில் சொன்னதைக் கேட்டாள். அந்த மே மாதத்திலிருந்து, எழுதியதையெல்லாம் தனித் தாள்களில் தானே மாற்றி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்டில் கைது செய்யப்படும் வரை அதே வேலை. யாரும் அவளை இம்போசிஷன் எழுதச் சொல்லவில்லை. நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது, திருத்தினாள். ஆசை வருவதற்கு முதலில் கையில் ஏதாவது எழுதியிருக்க வேண்டுமே!

*

சரி, எப்படிச் செய்வது? காசு செலவில்லாத மூணு விஷயம் போதும்.

பத்து நிமிஷம். தினமும் ஒரே நேரம். அந்தப் பத்து நிமிஷமும் டீச்சரும் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த நேரத்தில் அட்டெண்டன்ஸ் சரிபார்ப்பது, எமிஸ் பதிவு பண்ணுவது எல்லாம் கூடாது. அமெரிக்காவில் 1974-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் ஒரு கோடைக்கால வகுப்பு ஆரம்பித்தார். எழுதச் சொல்லித்தருகிற ஆசிரியர் தானும் எழுத வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பின்னால் அது நாடு முழுக்கப் பரவியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாட்டு டீச்சர் பாடாமல் பாட்டு சொல்லித்தர முடியுமா? எழுத்தில் மட்டும்தான் நாம் அதை முடியும் என்று நம்புகிறோம்.

இரண்டாவது, மடித்த பக்கம். பிள்ளை பக்கத்தை மடித்து வைத்தால் டீச்சர் அதைப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான். மடிக்காததை, முடிந்தபோது படிக்கலாம். 40 பிள்ளைகள், ஆளுக்கு மூணு நிமிஷம் என்றால் தினம் ரெண்டு மணி நேரம் ஆகும். யாராலும் முடியாது, முடியவும் வேண்டாம். தினமும் யாரோ படிக்கிறார்கள் என்றால் அது மறுபடியும் கையெழுத்துக்கான நோட்டாகிவிடும்.

மூன்றாவதுதான் சிக்கல். பிள்ளைகள் நிஜத்தை எழுத ஆரம்பித்தால் எல்லா நிஜமும் வரும். அப்பா குடித்துவிட்டு வந்தது வரும். ட்யூஷனில், பக்கத்து வீட்டில், ஏன், பள்ளிக்கூடத்திலேயே ஒருத்தர் தப்பாக நடந்துகொண்டதும் வரலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று டீச்சர் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் காப்பாற்ற முடியாது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். எனவே முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "நீ எழுதறதை நான் யார்கிட்டயும் காட்ட மாட்டேன். ஆனா உன்னை யாராவது துன்புறுத்தறாங்கன்னு படிச்சேன்னா சும்மா இருக்க மாட்டேன். உனக்காகப் பேசுவேன்." 1098 என்ற எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைக்கலாம்.

இதைக் கேட்டுச் சில டீச்சர்கள் பயப்படுவார்கள். 'எழுதாமல் இருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்கும், நிம்மதி.' பிள்ளைக்கும் அது நிம்மதிதானா? எழுதாவிட்டால் டீச்சருக்குத் தெரியாது. நடப்பது நின்றுவிடுமா? யாமமோத்தோவிலும் அந்தப் பையன் எழுதாவிட்டால் வெறும் ஆப்சென்ட்தான். ரிஜிஸ்தரில் ஒரு 'ஆ'. எழுதியதால்தான் அந்த 'ஆ'வுக்குப் பின்னால் இருந்த புகையிலையும் கடனும் தெரிய வந்தன.

எழுதினால் உடனே மனசு லேசாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசைப் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்களுக்கு முன்பைவிடச் சங்கடமாகத்தான் இருந்தது. பின்வந்த மாதங்களில் டாக்டரிடம் போவது குறைந்தது. காயத்துக்கு டிங்ச்சர் போட்ட மாதிரி, முதலில் எரியும்.

*

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிற கல்வி அதிகாரி யாராவது இருந்தால், தயவுசெய்து இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடாதீர்கள். 'அனைத்துப் பள்ளிகளிலும் நாள்தோறும் பத்து வரி நாட்குறிப்பு' என்று உத்தரவு போனால், மறுவாரம் அதற்கு ரிஜிஸ்தர் வரும். மறுமாசம் ஆய்வு வரும். ஜூன் திறப்பதற்குள் கைடு வந்துவிடும், 'மாதிரி நாட்குறிப்புகள் 100' என்று. எல்லாப் பிள்ளைகளும் மறுபடி ஊட்டிக்குப் போய்விடுவார்கள்.

ஊட்டிக் கட்டுரையை இப்போது சாட்ஜிபிடியே அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது, பிழையில்லாமல், முடிவுரையோடு. அதற்கு நம் பிள்ளைகளைப் பத்து வருஷம் பழக்க வேண்டியதில்லை. திண்டிவனம் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தது, அத்தை ஏன் மாமாவிடம் பேசவில்லை என்பது அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் எழுதாவிட்டால் வேறு யாராலும் எழுத முடியாது.

டீச்சர், உங்களுக்குத்தான் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாசம் நீங்கள் மட்டும் எழுதுங்கள், பிள்ளைகள் பார்க்கிற மாதிரி, வகுப்பிலேயே. "என்ன டீச்சர் எழுதறீங்க?" என்று ஒரு நாள் யாராவது கேட்கும். அன்றைக்கு இன்னும் நாற்பது நோட்டு வாங்கினால் போதும்.